நாம்பன் ஏறிய நாகுக்குச் சினை கலைக்கும் ஊசி போடலாமா?

செங்கலடிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் இரண்டு நாகுகள், அதாவது இன்னும் கன்று போடாத இளம் பசுக்கள். சின்னது ஜேர்சிக் கலப்பு, 12 மாதம். அறுவடை முடிந்த வயலில் மேய விட்ட இடத்தில், பக்கத்துப் பண்ணையின் பிரீசியன் கலப்பு நாம்பன் முந்தாநாள் அதன்மேல் ஏறிவிட்டது. பெரியது நாட்டுக் கலப்பு. எப்போது சினைப்பட்டதென்று தெரியாது. வயிறு தெரிகிறது, மடி இன்னும் இறங்கவில்லை, 6 மாதம் இருக்கலாம் என்கிறார். மருந்துக் கடைக்காரர், "இண்டைக்கே ஒரு ஊசி போட்டா எல்லாம் சரி" என்றாராம். மாமா, "சினை கலைக்கிறது பாவம், சும்மா விடு" என்றாராம். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் தம்பியின் கேள்வி.

கடைக்காரர் சொன்ன ஊசி உண்மையானது, சொன்ன நாள் பிழை. மாமா சொன்னது பெரிய நாகுக்குப் பொருந்தும், சின்னதுக்குப் பொருந்தாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த விஷயத்தில் நாள்கணக்குத்தான் எல்லாம். அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

பசுவின் சூலகத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சட்சடலம் என்ற ஒரு சிறு கட்டி உருவாகிறது. அது புரோஜெஸ்தரோன் என்ற ஹோர்மோனைச் சுரக்கிறது. கருப்பை கருவைத் தாங்குவது இந்தப் புரோஜெஸ்தரோன் இருக்கும்வரைதான். சினைப்படாத பசுவில் ஏறத்தாழ 16, 17 ஆம் நாளில் கருப்பையே புரொஸ்டாகிளாண்டின் என்ற ஒரு பொருளைச் சுரந்து அந்த மஞ்சட்சடலத்தைக் கரைத்துவிடும். புரோஜெஸ்தரோன் விழும், 21 ஆம் நாளளவில் மாடு மறுபடி வேட்கைக்கு வரும். கரு தரித்திருந்தால், அந்த நாட்களில் கருவே ஒரு சமிக்ஞைப் புரதத்தை வெளியிட்டுக் கருப்பையின் கையைக் கட்டிவிடும். மஞ்சட்சடலம் நிலைக்கும், சினை நிலைக்கும். கடைக்காரர் சொன்ன ஊசி இதே புரொஸ்டாகிளாண்டின்தான், அல்லது அதைப் போலச் செய்யப்பட்ட குளோப்ரொஸ்டினோல். எஸ்ட்ருமேட், லூட்டலைஸ் என்ற பெயர்களில் கேள்விப்பட்டிருப்பீர்கள். கருவை அது நேரே தாக்குவதில்லை. மஞ்சட்சடலத்தைக் கரைக்கிறது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பசுவின் உடம்பே செய்கிறது.

இப்போது கடைக்காரரின் "இண்டைக்கே" என்பதைப் பாருங்கள். நாம்பன் ஏறி இரண்டு நாள். இந்த நேரத்தில் சூலகத்தில் கரைப்பதற்கு மஞ்சட்சடலம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வேட்கைக்குப் பிறகு முதல் 5 நாளும் அது இளம் பருவம். ஊசி போட்டாலும் மசியாது. காசும் போய், "ஊசி போட்டாச்சு" என்ற நம்பிக்கையில் நீங்கள் இருந்துவிட, 5 மாதத்தில் வயிறு தெரியும். நான் பார்த்த "ஊசி பலிக்கவில்லை" என்ற முறைப்பாடுகளில் அதிகம் இந்த அவசரத்தால் வந்தவைதான். குறைந்தது 10 நாள் கழியவேண்டும். ஏறியதை நீங்கள் கண்டது முந்தாநாள். நீங்கள் காணாமல் அடுத்த நாளும் ஏறியிருக்கலாம் என்பதையும் சேர்த்தே 10 என்கிறேன்.

மறுபக்கத்து எல்லை எது? ஏறத்தாழ 5 மாதம்வரை, அதாவது 150 நாள்வரை, பசுவின் சினை மஞ்சட்சடலத்தை மட்டுமே நம்பி நிற்கிறது. அதன் பிறகு இளங்கொடியும் புரோஜெஸ்தரோன் சுரக்கத் தொடங்கிவிடும். அப்போது இந்த ஊசியை மட்டும் போட்டால் பல மாடுகளில் ஒன்றும் நடக்காது. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெரொயிட்டையும் சேர்த்துக் கொடுக்கவேண்டி வரும். அது வேறு கதை, பின்னால் வருகிறேன். 150 நாள்வரை வேலை செய்யும் என்பதற்காக 150 நாள்வரை காத்திருக்கலாம் என்று எடுக்கவேண்டாம். முதல் மூன்று, நான்கு மாதத்துக்குள் செய்தால் கருவும் கொடியும் ஒன்றாக வெளியேறிவிடும், மாடு பெரும்பாலும் சாப்பாட்டைக்கூட விடாது. நான்கு மாதம் தாண்டத் தாண்ட இளங்கொடி உள்ளே தங்குவது கூடும், கருப்பையில் சீழ் பிடிப்பது கூடும், சில நேரம் கரு வெளியே வராமல் உள்ளேயே காய்ந்து கட்டையாகிப் போவதும் உண்டு.

சரி, 10 நாள் கழித்து உடனே போட்டுவிடலாமா? போடலாம். ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுப்பேன். 12 மாத நாகு மேலே ஏற விட்டது என்பதால் சினைப்பட்டது என்று ஆகாது. ஏறியது உண்மையான வேட்கையிலா, வெறும் விளையாட்டிலா என்றே தெரியாது. நாகை வீட்டில் கட்டி வைத்து, ஏறிய நாளிலிருந்து 18 முதல் 24 நாள்வரை காலையும் மாலையும் பாருங்கள். கத்துகிறதா, மற்ற மாட்டின்மேல் ஏறுகிறதா, கண்ணாடி போன்ற சளி வழிகிறதா? வந்தால் சினை இல்லை, ஊசியும் வேண்டாம். வராவிட்டால் 40 நாள் அளவில் மிருக வைத்தியரைக் கூப்பிட்டுக் கையால் சோதிக்கச் சொல்லுங்கள். ஸ்கான் கருவி இருந்தால் 30 நாளிலேயே தெரிந்துவிடும். சினை உறுதியானால் அன்றைக்கே ஊசி. 40 நாள் என்பது இன்னும் நல்ல காலத்துக்குள்தான். அவசரம் எதுவும் இல்லை. சின்ன நாகில் கை விட்டுச் சோதிக்க இடம் போதாது என்று வைத்தியர் சொன்னால், சோதிக்காமல் ஊசியைப் போடுவதும் முறைதான். சினை இல்லாவிட்டால் அது ஒரு வேட்கையை வரவைக்கும், வேறு தீங்கில்லை.

மாட்டைப் பட்டியோடு விட்டுவிட்டு மாதத்துக்கு ஒருதரம் போய்ப் பார்ப்பவர்களுக்கு இந்த ஆலோசனை சரிவராது. அவர்கள் பிடிக்கக் கிடைத்த அன்றைக்கே செய்வதுதான் நடைமுறை. ஆனால் ஊசி போட்டு இரண்டு முதல் ஐந்து நாளில் மாடு மறுபடி வேட்கைக்கு வரும் என்பதை மறக்கக்கூடாது. அதே பட்டியில் அதே நாம்பனோடு திருப்பி விட்டால், கலைத்த சினையை அந்த வாரமே திருப்பிப் பெற்றுக்கொள்வீர்கள்.

மாமாவின் "பாவம்" பற்றி. நான் அதைச் சிரித்துத் தள்ளுகிற ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் சினை மாட்டை அடிக்கக்கூட யோசிப்பார்கள். ஆனால் முழு வளர்ச்சியில்லாத நாகு கன்று போட முடியாமல் இரண்டு நாள் முனகிக் கிடப்பதையும், நாலு ஆண்கள் கயிறு கட்டி இழுப்பதையும், கன்று செத்து, தாய் பின்னங்கால் இழுத்துப் படுத்துவிடுவதையும் பார்த்தவர்கள் அந்தச் சொல்லை வேறு இடத்தில் வைப்பார்கள். இடுப்பெலும்பு விரியாத நாகின் வயிற்றில், பிரீசியன் என்ற பெரிய இனத்தின் இரத்தம் கொண்ட கன்று. இதுதான் இங்கே கேள்வி.

அதனால் வயதைவிட நிறையைப் பாருங்கள். முழு வளர்ச்சியில் அந்த இனப் பசு எவ்வளவு நிற்குமோ, அதில் 60 முதல் 65 வீதம் வந்த பிறகுதான் நாகைச் சினைப்படுத்தலாம். ஜேர்சிக் கலப்பென்றால் 200 கிலோவுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசு வேண்டாம், தையல்காரரின் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனைவரை நீளத்தை எடுங்கள். இரண்டும் சென்ரிமீற்றரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட கிலோ நிறை வரும். சுற்றளவு 122, நீளம் 105 என்றால் 144 கிலோ. இந்த நிறையில் நிற்கிற நாகு என்றால் நான் இரண்டாம் யோசனையில்லாமல் கலைக்கச் சொல்வேன். 200 கிலோ தாண்டிய நாகில் சின்ன நாட்டு நாம்பன் ஏறியிருந்தால், அந்தக் கன்று சிறியதாகத்தான் இருக்கும். பேசாமல் விட்டுவிட்டு நல்ல தீனி போடச் சொல்வேன். "நல்ல இனக் கன்று வேண்டும், இது நாட்டு நாம்பனின் கன்று" என்பதற்காக மட்டும் சினை கலைப்பவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் கணக்கு. ஆனால் கலைத்த பிறகு மறுபடி செயற்கை முறையில் விந்து ஏற்றிச் சினைப்படுத்தி, அது பிடித்து, கன்று போடும்வரை போகும் மாதங்களுக்குப் பாலும் இல்லை, கன்றும் இல்லை என்பதையும் அந்தக் கணக்கில் எழுதவேண்டும்.

தகப்பன் நாம்பனே மகள் நாகில் ஏறிவிட்டது, சின்ன நாட்டுப் பசுவுக்குத் தவறிப் பெரிய இனத்து விந்து ஏற்றிவிட்டார்கள் போன்றவற்றுக்கும் இதே வழிதான். உள்ளே கரு செத்துக் காய்ந்து நின்றுவிட்ட மாட்டுக்கும், கருப்பையில் சீழ் கட்டி வேட்கைக்கே வராமல் நிற்கும் மாட்டுக்கும் இதே மருந்தைத்தான் வைத்தியர் எடுப்பார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "வேட்கைக்கு வராத மாட்டுக்கு ஒரு ஊசி" என்று கேட்டு வாங்கிப் போடுகிறார்களே, அதுவும் பெரும்பாலும் இதே போத்தல்தான். வேட்கைக்கு வராததற்கு முதல் காரணம் மாடு ஏற்கனவே சினையாக இருப்பது. சோதிக்காமல் போட்டு, 3 மாதச் சினையை நாய் இழுத்துக்கொண்டு போகும்போதுதான் பலருக்கு அது சினை மாடு என்றே தெரியவருகிறது. அப்படி இழந்தவர்களின் எண்ணிக்கை, வேண்டுமென்றே கலைத்தவர்களைவிடக் கூட என்பது என் எண்ணம்.

ஊசியை நீங்களே போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வளர்ந்த மாட்டுக்குக் குளோப்ரொஸ்டினோல் 500 மைக்ரோகிராம், பெரும்பாலான போத்தல்களில் வெறும் 2 மில்லிலீற்றர், தசையில் போடுவது. கேட்க இலகுவாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். கர்ப்பிணிப் பெண் மேல் பட்டால் கர்ப்பம் கலையலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு இறுகும். எங்கள் வீடுகளில் மாடு பார்ப்பது பாதி நேரம் பெண்கள்தான். மாட்டைப் பிடித்துக்கொள்ள, சிரிஞ்சைக் கழுவ, வெறும் போத்தலை எறிய என்று அவர்களைக் கூப்பிடவே கூடாது. கையில் பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவவேண்டும். தவறிக் குத்திக்கொண்டால் மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மாட்டுக்கும் ஆபத்து உண்டு. சேறு பட்ட தோலில், பழைய ஊசியால் குத்தினால் அந்த இடத்துத் தசைக்குள் கிருமி போய் வீங்கி, அழுத்தினால் காற்றுக் குமிழி நொறுங்குவது போல் கேட்கும். அந்த நிலைக்குப் போன மாடு தப்புவது அரிது. வெயிலில் வைத்த கடைப் போத்தலுக்கு வீரியம் இருக்குமா என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஊசி போட்ட மாட்டின் பாலையும் இறைச்சியையும் எடுக்க எத்தனை நாள் காத்திருக்கவேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும்; டெக்ஸாமெதசோன் சேர்ந்தால் அது நீளும். கறவை மாடென்றால் இதை வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்குப் பிறகு என்ன நடக்கும்? 40 நாள் சினை என்றால் கண்ணில் பெரிதாக எதுவும் படாது. கொஞ்சம் சளி, சிலவேளை இரத்தக் கோடு, பிறகு வேட்கை. இரண்டு, மூன்று மாதமென்றால் மூன்று முதல் ஏழு நாளுக்குள் வெளியேறும். 2 மாதக் கரு 6, 7 சென்ரிமீற்றர், 3 மாதம் 15 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். அதனால் அந்த ஒரு வாரம் கொட்டிலில் கட்டி வையுங்கள், மேய விடவேண்டாம். ஒன்றும் காணாவிட்டால் போட்டது பலித்ததா என்று இரண்டு வாரத்தில் மறுபடி சோதிக்கவேண்டும். ஒருதரம் பலிக்காமல் இரண்டாம் ஊசி தேவைப்படுவது புதுமை இல்லை. இதனால் மாடு மலடாகிவிடுமா என்ற பயம் வேண்டாம். ஆரம்பத்தில், சுத்தமாகச் செய்த மாடு பிறகு வழக்கம்போலச் சினை பிடிக்கும். நாகுக்கு நிறை வரும்வரை நீங்கள் பொறுக்கவேண்டும், அதுதான்.

விழுந்ததை வெறுங்கையால் தொடாதீர்கள். கிழக்கு மாகாண மேய்ச்சல் பட்டிகளில் புரூசெல்லா நோய் இருக்கிறது. அது கருச்சிதைவு மாட்டின் கரு, இளங்கொடி, நீர் எல்லாவற்றிலும் இருக்கும், மனிதருக்கும் தொற்றி மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் கொடுக்கும். ஊசி போட்டதால்தான் விழுந்தது என்று நீங்கள் நினைப்பதால் அந்த மாட்டில் புரூசெல்லா இல்லை என்று ஆகிவிடாது. கையுறை, இல்லாவிட்டால் இரண்டு தடிப்பான பொலித்தீன் பை. ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள், நாய் கிளறாமல். ஊசி போடாமலே 5 மாதத்துக்கு மேல் கன்று விழுந்த மாடு பட்டியில் இருந்தால் இரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டிப் பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்கவேண்டாம்.

இப்போது பெரிய நாகு. 6 மாதம் என்றால் 180 நாள். நான் சொன்ன 150 நாள் கோட்டைத் தாண்டிவிட்டது. புரொஸ்டாகிளாண்டினும் டெக்ஸாமெதசோனும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் விழும்தான். ஆனால் அது கலைப்பு என்பதைவிட ஒரு குறைப்பிரசவம். அரை மீற்றருக்குக் கிட்டிய கரு, திறக்க ஆயத்தமில்லாத வாய், உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்கும் இளங்கொடி. முதல் கன்றுக்கு முன்பே கருப்பையைப் புண்ணாக்கிவிட்டால் அந்த நாகில் வேறு என்ன மிச்சம்? மாடு கன்று போடமுடியாது என்று வைத்தியர் பார்த்துச் சொன்னாலொழிய, அல்லது வயிற்றில் அளவுக்கு மிஞ்சி நீர் சேர்வது போன்ற நோய் இருந்தாலொழிய, இந்தக் கட்டத்தில் கை வைக்கவே கூடாது.

அதற்குப் பதிலாகக் கன்று போடுதலுக்கு ஆயத்தப்படுத்துங்கள். நாட்டுக் கலப்பு நாகு, சினைப்படுத்தியதும் அநேகமாகப் பட்டி நாம்பன், கன்று பெரிதாக இருக்க வாய்ப்புக் குறைவு. நாகு மெலிந்து போகாமலும், கடைசி இரண்டு மாதத்தில் அளவுக்கு மிஞ்சிக் கொழுக்காமலும் பாருங்கள். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள், நாட்டு இனத்தில் சில நாள் கூடும். 8 மாதத்தில் வைத்தியரிடம் ஒருதரம் காட்டி, இடுப்பும் கன்றின் அளவும் பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தாது போல் தெரிந்தால், கணக்கு நாளுக்கு ஓரிரு வாரம் முன்பே ஸ்டெரொயிட் ஊசியால் கன்று போட வைக்கலாம். இரண்டு மூன்று நாளில் போடும், கன்றும் உயிரோடு கிடைக்கும். கொடி தங்குவது அதில் மிகச் சாதாரணம், அதை எதிர்பார்த்தே செய்யவேண்டும். தங்கிய கொடியில் கல், செருப்பு கட்டித் தொங்கவிடும் பழக்கத்தை விடுங்கள். இழுத்தால் பாதி அறுந்து உள்ளே நிற்கும், கருப்பையும் கிழியலாம். 24 மணித்தியாலம் தாண்டி, மாடு தீனி விட்டாலோ காய்ச்சல் 39.5 பாகையைத் தாண்டினாலோ வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

பப்பாசிக்காய், எள்ளு, கருஞ்சீரகம், கருப்பைக்குள் குச்சி விடுதல் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். தீனியாகக் கொடுப்பது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. குச்சி மாட்டைக் கொல்லும். முன்பு வைத்தியர்களே கையை விட்டு மஞ்சட்சடலத்தை நசுக்கி எடுத்த காலமும் இருந்தது. சூலகத்திலிருந்து இரத்தம் கசிந்து மாடு செத்ததும் உண்டு. 1970களில் புரொஸ்டாகிளாண்டின் வந்த பிறகு அந்த வேலைக்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது.

இனி ஊசி தேவைப்படாமல் இருக்க என்ன வழி? மாரி வயல் விதைத்ததும் மாடுகளை மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் ஏற்றுகிறோம். அறுவடைக்குப் பிறகு எல்லார் மாடும் ஒரே வயலில் இறங்குகிறது. மேய்ச்சல் தரை சுருங்கச் சுருங்கப் பல பட்டிகள் ஒரே இடத்தில் நெருங்குகின்றன. எவருடைய நாம்பன் எவருடைய நாகில் ஏறுகிறது என்று யாருக்கும் தெரியாது. அம்பாறையில் வட்டமடுப் பக்கத்தவர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். நன்றாகத் தீனி தின்ற கலப்பு நாகு 9, 10 மாதத்திலேயே வேட்கைக்கு வரும். நாம்பன் கன்றும் அந்த வயதில் சினைப்படுத்தக்கூடியதுதான், பால்குடிக் கன்றென்று நம்பியிருக்காதீர்கள். ஆறு மாதத்தோடு ஆணையும் பெண்ணையும் பிரியுங்கள். வளர்க்கப்போகாத நாம்பன்களைக் குறி சுடப் பிடிக்கும் அன்றைக்கே தோலை வெட்டாமல் வெளியிலிருந்தே நசுக்கும் பேர்டிசோ இடுக்கியால் நலமடித்துவிடுங்கள். இரத்தம் வராது, புழு வைக்காது. பக்கத்துப் பண்ணைக்காரருடன் சண்டைக்குப் போவதைவிட, இரண்டு பேரும் சேர்ந்து ஒரே நாளில் வைத்தியரைக் கூப்பிட்டால் செலவும் பாதி.

வைத்தியருக்குப் போன் எடுக்கும்போது "ஊசி ஒன்று வேணும் டொக்டர்" என்று தொடங்காதீர்கள். நாம்பன் ஏறிய தேதி, நாகின் வயது, நாடாவில் எடுத்த இரண்டு அளவு, ஏறிய நாம்பனின் இனம், அதற்கு முன் அந்த நாகு எப்போதாவது வேட்கைக்கு வந்ததா, புரூசெல்லாத் தடுப்பூசி போட்டதா ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு எடுங்கள். பெரிய நாகுக்குத் தேதி இல்லையே என்றால் வயிற்றை வைத்து ஊகிக்கவேண்டாம். சின்னதைச் சோதிக்க அவர் வருகிற அன்றைக்கு அதையும் கட்டி வையுங்கள், ஒரே வரவில் இரண்டையும் பார்த்துவிடுவார்.